அம்மாவுக்கு வயிறு நீவிவிட்ட எட்டு வாரம்

கணுக்கால் எலும்பு முறிந்து அம்மா படுக்கையில் இருந்த எட்டாவது நாள் காலையில் அவள் புடவை நனைந்திருந்தது. தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டேன். தெருமுனை மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கி, இரண்டு வேளை என் கையாலேயே கொடுத்தேன். மறுநாள் அம்மாவின் வயிறு பானை மாதிரி உப்பி, வாந்தி வர ஆரம்பித்தது. ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டியூட்டி டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். கையுறை போட்டு உள்ளேயும் விரல் விட்டுப் பார்த்தார். "எத்தனை நாளா மோஷன் போகல?" என்று கேட்டார். "போய்க்கிட்டேதான் சார் இருக்கு, தண்ணியா" என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மலம் கல்லாக இறுகி மலக்குடலை அடைத்துக்கொண்டால், அதற்கு மேலே தேங்கிய நீர் மட்டும் ஓரமாகக் கசிந்து வருமாம். பார்ப்பவர்களுக்கு அது பேதி மாதிரியே இருக்கும். அது முற்றிப்போன மலச்சிக்கல். நான் கொடுத்த மாத்திரை, அசையாமல் கிடந்த குடலை இன்னும் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கிறது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கப்போகும் யாராவது ஒருவர், இதைப் படித்த ஞாபகத்தில் ஒரு நிமிடம் நின்று "கடைசியாக எப்போது கெட்டியாகப் போனார்கள்?" என்று யோசித்தால் போதும்.

நர்ஸ் அக்கா ஜெல்லி தடவி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார். நாற்பது நிமிடம் ஆனது. கட்டில்களுக்கு நடுவே திரை இல்லாத வார்டு. நான் என் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் ஒன்று எனக்கு உறைத்தது. கால் முறிந்ததால் வந்த பிரச்சினை இல்லை இது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இது இருக்கிறது. "வெளிக்குப் போகல" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். மதியம் சோறு வேண்டாம் என்பாள், முகம் சுண்டியிருக்கும், புடவைக் கட்டைத் தளர்த்திவிட்டிருப்பாள். அதைப் பார்த்து நாங்களே இன்றைக்கு நாலாவது நாள், அஞ்சாவது நாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீடு. நடுவில் நீள நடை, இரண்டு பக்கமும் ஒன்பது குடித்தனம், பின்கட்டில் ஒரே ஒரு கக்கூஸ். கல்யாணமாகி அங்கே வந்தபோது அம்மாவுக்கு 19 வயது. விடியற்காலை நாலரைக்குள் போய்விட்டு வந்தால் உண்டு. அஞ்சு மணிக்கு மேல் ஆண்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வெளியே யாராவது இரும்பு வாளியை 'ணங்'கென்று தரையில் வைத்தால் "சீக்கிரம் வா" என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் வந்தது உள்ளே போய்விடும் என்று அம்மா இப்போதுதான், இந்த வயதில்தான், என்னிடம் சொன்னாள். ஒரு நாள் தூங்கிப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான், அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீர் லாரியில் வரும், இல்லையென்றால் அடிபம்பு. கக்கூஸுக்கு ஒரு வாளி எடுத்துப்போனால் சமையலுக்கு ஒரு வாளி குறையும். அதனால் சாயங்காலத்துக்கு மேல் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. அப்புறம் 14 வருஷம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அங்கே பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஆம்பளையிடம் போய் அதைக் கேட்பதா என்று கேட்காமலே இருந்திருக்கிறாள்.

அடக்குவது உடம்பில் என்ன செய்கிறது என்று அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாப்பாடு செரித்து, சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு வரும்போது கூழ் மாதிரி நீர்த்துத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் நீர் அப்படி வந்து சேருகிறது. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு நீர் உறிஞ்சப்படும், அவ்வளவு காய்ந்துபோகும். மலக்குடலுக்கு மலம் வந்து அது விரியும்போது நமக்கு 'வருகிறது' என்ற உணர்வு தோன்றுகிறது. அதை ஒரு நாள் அலட்சியம் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் அலட்சியம் செய்தால் அந்த உணர்வே மங்கிவிடுகிறது. அம்மா சொல்வாள், "எனக்கு வர்றதே தெரியாதும்மா." நான் அதை ஒரு பேச்சு என்று நினைத்திருந்தேன். அவள் தன் நோயைத்தான் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் தைராய்டு, சர்க்கரை, கால்சியம் எல்லாம் பார்க்கச் சொன்னார். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் பிறகு செய்தோம். கட்டி எதுவும் இல்லை. எலும்பு முறிவுக்குக் கொடுத்திருந்த வலி மாத்திரைகளில் டிராமடால் என்று ஒன்று இருந்தது. அபின் குடும்பத்து மருந்து, குடலை மந்தப்படுத்தும். இரும்புச்சத்து மாத்திரையும் அதே வேலையைச் செய்யக்கூடியது. அவர் ஒன்றை நிறுத்தி, ஒன்றை மாற்றி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு பவுடரை இரண்டு வேளைக்கு எழுதிக்கொடுத்தார். பரவாயில்லை என்கிற அளவுக்குப் போனது. அவ்வளவுதான்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு அம்மாவை நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தார். அம்மா நாலடி நடந்து உட்கார்ந்துவிடுவாள். மூன்றாவது நாள் அவர் காலைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார். "வயிறு கனமா இருக்காம்மா? அதனாலதான் குனிய முடியலையா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "தினமும் கால் மணி நேரம் ஒதுக்குவீங்களா? வயித்த நீவிவிடச் சொல்லித் தர்றேன்" என்றார் அவர்.

எனக்கு உடனே ஆயா, அப்பாவைப் பெற்றவள், ஞாபகம் வந்தது. எங்கள் ஸ்டோரில் எந்தக் குழந்தைக்கு வயிறு உப்பினாலும் ஆயாவிடம்தான் கொண்டுவருவார்கள். வெற்றிலையில் முத்துக்கொட்டை எண்ணெய் தடவி விளக்கில் வாட்டி, சூட்டைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுக் குழந்தையின் வயிற்றில் போடுவாள். தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் மெதுவாக நீவுவாள். இரண்டு காலையும் பிடித்து வயிற்றின் மேல் மடக்கி மடக்கி விடுவாள். காற்று பிரியும், குழந்தை சிரிக்கும். பத்து நிமிட வேலை. அதே ஆயாவின் கண் முன்னால்தான் மருமகள் நாலு நாள், அஞ்சு நாள் என்று அடக்கிக்கொண்டு அம்மி அரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குச் செய்வதைப் பெரியவர்களுக்கும் செய்யலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்டால் எளிதாக இருக்கும், கை பழக ஒரு வாரம் ஆகும்.

அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. கால் மடங்கியிருந்தால்தான் வயிற்றுச் சதை இளகும், நீட்டிக்கொண்டிருந்தால் விறைத்துக்கொண்டு கையை உள்ளே விடாது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். நாங்கள் காலை ஆறு மணிக்கு, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்த கையோடு செய்தோம். நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய். விளக்கெண்ணெய்தான் விசேஷம் என்று அம்மா அடம்பிடித்தாள். குடித்தால் அது குடலைத் தூண்டும், மேலே தடவும்போது கை வழுக்கிப் போவதற்குத்தான் எண்ணெய், எதுவானாலும் சரி என்றார் அந்தப் பெண்.

எண்ணெயை முதலில் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சில்லென்ற கை பட்டால் வயிறு சுருங்கிக்கொள்ளும். ஒரு நிமிடம் சும்மா கையை வயிற்றின் மேல் வைத்திருக்க வேண்டும். அம்மாவின் மூச்சு என் கையைத் தூக்கித் தூக்கி இறக்கும். அந்த மூச்சு நீளமாகும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் நீவல்.

பாதை இதுதான். அம்மாவின் வலது இடுப்பெலும்புக்கு உட்பக்கம் தொடங்கி, நேராக மேலே வலது விலா வரை. அங்கிருந்து விலாவுக்குக் கீழாகவே இடப்பக்கம். பிறகு இடது விலாவிலிருந்து கீழே இடது இடுப்பு வரை. பெருங்குடல் வயிற்றுக்குள் அப்படித்தான் வளைந்து கிடக்கிறது. ஒரு கடிகாரத்தை அவள் வயிற்றின் மேல் வைத்து நாம் எதிரே நின்று பார்த்தால் முள் எப்படிச் சுற்றுமோ அந்தத் திசை. எதிர்த் திசையில் நீவக் கூடாது.

ஆனால் முதல் நாள் அவர் என்னை வலப்பக்கம் தொடங்கவிடவில்லை. முதலில் இடப்பக்கத்தை மட்டும், மேலிருந்து கீழாகப் பத்து முறை உருவிவிடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "கடைசியில இருக்கறது நகர்ந்தாத்தானே பின்னால இருக்கறது வரும்?" எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குள் போகக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எண்ணூரில் நிற்கும் லாரியைப் பிடித்துத் தள்ளி என்ன பயன்? முதலில் கேட் திறக்க வேண்டும். இடப்பக்கம் முடிந்ததும், மேலே குறுக்காக வந்து இடப்பக்கம் இறங்குவது பத்து முறை. கடைசியில்தான் வலது இடுப்பிலிருந்து முழுச் சுற்று.

அழுத்தம் எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்பது. சப்பாத்தி மாவில் பள்ளம் விழும் அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம். தோலை மட்டும் தடவினால் கூச்சம்தான் வரும். வலித்தால் தப்பு. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்வேன், புருவம் சுருங்கினால் கையை இளக்கிவிடுவேன். முழுச் சுற்று முடிந்ததும் விரல் நுனிகளால் அதே பாதையில் சின்னச் சின்ன வட்டமாகப் பிசைந்துகொண்டு போக வேண்டும். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, இடது இடுப்புக்குக் கிட்டே என் விரலுக்கு அடியில் தாம்புக் கயிறு மாதிரி ஒன்று உருண்டது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். போனில் கேட்டதற்கு, "அது குடல்தாங்க, உள்ள நிறைஞ்சிருக்கு, அதான் தட்டுப்படுது" என்றார் அந்தப் பெண். அதன் பிறகு தினமும் முதலில் அந்தக் கயிறு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அது தட்டுப்படாத காலை என்றால் அம்மாவிடம் எதுவும் கேட்கத் தேவையே இல்லை.

நீவி முடித்ததும் காபி. காபி குடித்துக் கால் மணி நேரத்தில், வருகிறதோ இல்லையோ, டாய்லெட்டில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். தூங்கி எழுந்த பிறகும் வயிற்றில் சாப்பாடோ காபியோ விழுந்த பிறகும் பெருங்குடல் தானாகவே ஒரு பெரிய தள்ளு தள்ளும். நாள் முழுக்க அது தள்ளுவதே சில முறைதான், அதை வீணாக்கக் கூடாது. கால் முறிந்த பிறகு வெஸ்டர்ன் டாய்லெட் போட்டிருந்தோம். அதில் பாதத்துக்கு அடியில் ஒரு குட்டை ஸ்டூல் வைத்தோம். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழி நேராகிறது. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தால் அந்த வளைவு அப்படியே இருக்கும். முழங்கால் இடுப்பை விட உயர்ந்திருந்தால் பாதிக் குந்தலாவது கிடைக்கும்.

மளிகைக் கடைக் காலண்டரில் நான் குறித்துவைத்தேன். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்து, பிரிட்டனின் பிரிஸ்டலில் இருந்தவர்கள் 1997-ல் வெளியிட்ட ஒரு அட்டவணை இருக்கிறது, உலகம் முழுக்க டாக்டர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்று என்றால் தனித்தனி உருண்டை, ஏழு என்றால் வெறும் தண்ணீர், மூன்றும் நாலும் நல்லது. அம்மாவுக்கு எண் எல்லாம் ஒத்துவரவில்லை. "ஆட்டுப் புழுக்கை", "கடலை உருண்டை", "வாழைப்பழம்" என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். முதல் ஒரு வாரம் அதைச் சொல்லவே கூச்சப்பட்டாள். பிறகு பாத்ரூமிலிருந்தே சத்தமாக, "பழம்!" என்பாள். முப்பது, நாற்பது வருஷம் வாயைத் திறக்காதவள்.

நீவ ஆரம்பிப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் மூன்றே முறை, மூன்றும் புழுக்கை. எட்டாவது வாரத்தில் நாலு முறை, அதில் மூன்று பழம். பவுடர் இரண்டு வேளையிலிருந்து, டாக்டரைக் கேட்டு, ஒரு வேளையாகக் குறைந்தது. நிற்கவில்லை. இன்றைக்கும் ஒரு வேளை குடிக்கிறாள்.

இதை நீவலின் வெற்றி என்று நான் சொல்லிவிட முடியாது. அந்த எட்டு வாரத்தில் வெந்நீர், ஸ்டூல், தினம் ஒரு கொய்யா, வாரம் மூன்று நாள் கீரை, நேரத்துக்கு உட்காருவது எல்லாமே ஒன்றாக நடந்தன. நடுவில் ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து நீவவில்லை, மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. அந்த வாரம் இரண்டே முறை, அதுவும் முக்கி முக்கி. எனக்கு அது போதுமான சாட்சியாகத் தோன்றியது. ஆனால் ஒரு ஆளை, ஒரு வாரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் தெரியும்.

ஆய்வு செய்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே இழுபறிதான். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு வயிற்று மசாஜ் பற்றி அதுவரை நடந்த சோதனைகளை 1999-ல் ஒருவர் தேடித் தொகுத்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில் செய்தவை நாலுதான் கிடைத்தன. நாலிலும் முறைக் குறைகள் இருந்தன. நம்பிக்கை தருகிறது, ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று முடித்தார். 2009-ல் ஸ்வீடனில் 60 பேரை இரண்டாகப் பிரித்து 8 வாரம் பார்த்தார்கள். மசாஜ் பெற்றவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவுகள் குறைந்தன, போகும் எண்ணிக்கையும் கூடியது, ஆனால் மலமிளக்கி மருந்தின் அளவு குறையவில்லை. அதைப் படித்தபோது அம்மாவின் ஒரு வேளைப் பவுடர்தான் கண் முன் வந்தது. மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது, மருந்துக்குப் பதிலாக அல்ல என்று அந்த ஸ்வீடன்காரர்கள் சொன்னதை எங்கள் வீட்டிலும் பார்த்தேன். 2018-ல் பிரிட்டனில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் மலச்சிக்கல் வந்தவர்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். முக்கியமாக அளந்த மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் இல்லை, வாரத்தில் போகும் தடவை மட்டும் கொஞ்சம் கூடியது.

உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் ஒரே பதில் இல்லை. கையின் அழுத்தம் குடல் சுவரை விரித்து அதைச் சுருங்கத் தூண்டலாம். உடம்பு ஓய்வில் இருக்கும்போது இயங்கும் நரம்புகளை மசாஜ் எழுப்பிவிடலாம். செரிமானத்தை நடத்துவதும் அதே நரம்புகள்தான். இரண்டாவதை நான் நம்புகிறேன். வாளிச் சத்தம் கேட்டு இறுகிக்கொண்ட ஒரு வயிறு, கால் மணி நேரம் யாரும் அவசரப்படுத்தாமல் படுத்திருந்தால் இளகத்தானே செய்யும்? நீவும்போது பல நாள் அம்மா தூங்கிவிடுவாள்.

எல்லா மலச்சிக்கலுக்கும் இது ஒத்துவராது. சிலருக்குக் குடல் ஒழுங்காகத் தள்ளும், ஆனால் போகும் நேரத்தில் இளக வேண்டிய ஆசனவாய்த் தசை எதிராக இறுகிக்கொள்ளும். அவர்களுக்கு அந்தத் தசையை இளக்கப் பழக்கும் பயோஃபீட்பேக் என்ற பயிற்சிதான் உதவும், வயிற்றை எவ்வளவு நீவினாலும் வாசல் திறக்காது.

கை வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், குடலில் புண்ணோ வீக்கமோ உள்ளவர்கள், வயிற்று ரத்தக்குழாய் வீங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய பழக்கம் இருந்தால் முதலில் பரிசோதனை. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடசென்னையில் சந்துக்குச் சந்து 'இங்கு தொக்கம், குடலேற்றம் எடுக்கப்படும்' என்று போர்டு தொங்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று அம்மாவை அப்படி ஒரு இடத்துக்கு அழைத்துப்போனோம். குடல் மேலே ஏறி நிற்கிறது, இறக்கிவிடுகிறேன் என்று அவர் வயிற்றைத் தட்டி, குத்தி, கட்டை விரலால் தொப்புளுக்கு அடியில் அழுத்தித் தள்ளினார். ஒரு வாரம் வயிற்றில் கன்றிப்போன நீலம் இருந்தது. குடல் அப்படி மேலே ஏறிக்கொண்டு நிற்கும் பொருள் இல்லை. தொக்கணம் என்று சித்த மருத்துவத்தில் இருக்கும், உடம்பைப் பிடித்துவிடும் முறை வேறு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகையாகப் பிரித்து, படித்தவர்கள் ஆளைப் பார்த்துச் செய்வது. பெயர் ஒன்று போலக் கேட்பதால் ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்காவது நீலத்தோடு போகும். கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியுமாக வந்தால் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலே ஆபத்து. அந்த நேரத்தில் தட்டி எடுக்கிறவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்காதீர்கள். எங்கள் பக்கத்து மக்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது.

இப்போது அம்மா தனக்குத் தானே நீவிக்கொள்கிறாள். நான் தண்டையார்பேட்டையில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் நீவிவிடுவேன். அவள் வெளியே போவதும் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் கல்யாணம், காரியம் என்றால் முந்தின நாளே பட்டினி போட்டுக்கொள்வாள். இப்போது மெட்ரோவில்தான் போக வேண்டும் என்பாள், ஸ்டேஷனில் பாத்ரூம் இருக்கிறதாம்.

போன வாரம் என் மகளை அவளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். ஏழாவது படிக்கிறாள். சாயங்காலம் போனபோது பாயில் மல்லாக்கப் படுத்திருந்தாள், முழங்காலுக்கு அடியில் தலையணை. அம்மா எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மூணு நாளாச்சாம் புள்ளைக்கு. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஸ்கூல்ல பாத்ரூம் தாழ்ப்பா உடைஞ்சிருக்கும்மா. ஃப்ரெண்டு வெளிய கதவப் புடிச்சிக்கணும். அவ லீவு." அதனால் காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலையே திறப்பதில்லையாம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையைத் தன் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்த்துவிட்டு, பேத்தியின் இடப்பக்கம் மேலிருந்து நீவ ஆரம்பித்தாள். திங்கட்கிழமை நான் ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்க வேண்டும். அவர்கள் போடவில்லை என்றால் நானே வாங்கிக்கொண்டு போகலாம் என்று, எம்.சி. ரோட்டுப் பக்கம் ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் விலை விசாரித்தும் வைத்திருக்கிறேன்.